காப்பட் வீதியில் கண்ணின் கணக்கு

பரந்தனில் ஏ-9 வீதியிலிருந்து பிரிந்து, முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு, வட்டுவாகல் பாலத்தையும் கடந்து முல்லைத்தீவில் முடியும் ஏ-35 வீதி, வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிந்தாலும் விசுவமடுவில் அது இரண்டு வீதிகளின் வேலையை ஒரே நேரத்தில் செய்கிறது. தூர ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலையாக இருக்கும் அதே தார்ப்பரப்புத்தான் கடைக்குப் போகிறவருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், மாட்டை அவிழ்த்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் காணிக்குப் போகிறவருக்கும் ஊர்த்தெருவாகவும் இருக்கிறது. இந்த இரண்டு வேலைகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அடிபடுகிறவர் பெரும்பாலும் நடந்து போகிறவரே. அப்படி நேரும் விபத்தைச் சாரதியின் கண்மூடித்தனம் அல்லது பாதசாரியின் கவனக்குறைவு என்று இரண்டு சொற்களில் தீர்த்துவிடுவது வழக்கம் என்றாலும், மனிதக் கண் வேகத்தை எப்படி அளக்கிறது என்பதை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். ஏனெனில் நன்றாகக் கவனித்துக் கடக்கும் பாதசாரியும் தவறாகக் கணிக்கக்கூடும், வாகனம் எவ்வளவுக்கு விரைகிறதோ அவ்வளவுக்கு அந்தத் தவறும் பெருகும்.

வன்னியின் பழைய கிராமங்கள் குளக்கட்டுக்குக் கீழே கொத்தாகக் கூடியவை. மிளகாய், வெங்காயச் செய்கைக்குப் பெயர்பெற்ற விசுவமடு போன்ற குடியேற்ற ஊர்களோ வீதியை முதுகெலும்பாகவும் ஒழுங்கைகளை விலாவெலும்புகளாகவும் கொண்டு நீண்டவை. ஊரமைப்பு வல்லுநர்கள் இத்தகைய ஊரை நாடா வடிவக் குடியிருப்பு என்பர். நாடா வடிவ ஊருக்குத் தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஒரு வீடு, பிறகு வெறுங்காணி, பிறகு இரண்டு கடை, ஒரு கோயில், மறுபடியும் பற்றைக்காடு என்று அது விட்டுவிட்டு வருவதால், பரந்தனிலிருந்து வருகிற சாரதிக்குத் தான் எந்த இடத்தில் ஊருக்குள் நுழைந்தோம் என்பது உறைப்பதே இல்லை. 2009 சனவரியில் இடம்பெயர்ந்த மக்கள் உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் கால்நடையாகவும் கிழக்கு நோக்கி நகர்ந்தது இந்த வீதியால்தான். அவர்கள் மீளக் குடியமர்ந்த பின்னர், குண்டும் குழியுமாகக் கிடந்த வீதி அகலமாக்கப்பட்டு, மக்கள் பேச்சில் காப்பட் எனப்படும் அஸ்பால்ற் பரப்பாக மாறியது. குழிகள் இருந்த காலத்தில் அந்தக் குழிகளே வேகத்தைக் கட்டிப்போட்டிருந்தன என்பதை, அவை போன பிறகுதான் ஊர் உணர்ந்தது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மீளக்குடியமர்வுக் காலத்துக் கண்ணிவெடி அபாயக் கல்வி, மிதிபட்ட தடத்தை விட்டு விலகிக் கால் வைக்காதே என்று வன்னி மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது. வீதியோரப் புல்லைவிடத் தார்விளிம்பே பாதுகாப்பானது என்று ஒரு தலைமுறை பழகியிருந்தால் அதில் வியப்பில்லை.

நடந்து போகிறவர் வருகிற வாகனத்தின் வேகத்தை எதைக் கொண்டு அறிகிறார் என்பதே அடிப்படைக் கேள்வி. வாகனம் குறுக்காகச் செல்லும்போது பின்னணியில் அது நகரும் தூரத்தைக் கண் எளிதாக அளந்துவிடும்; நேராக நம்மை நோக்கி வரும்போது அது நகர்வதே தெரியாது, அதன் உருவம் பெரிதாவது மட்டுமே தெரியும். விழித்திரையில் விழும் பிம்பம் இவ்வாறு பெரிதாகிக்கொண்டு போவதை உரு விரிவு எனலாம். இந்த விரிவின் வீதம் வாகனத்தின் அகலத்தோடும் வேகத்தோடும் நேராகக் கூடுகிறது. ஆனால் தூரத்தின் வர்க்கத்தோடு, அதாவது தூரத்தை அதே தூரத்தால் பெருக்கிய தொகையோடு, தலைகீழாகக் குறைகிறது. எனவே தூரம் இருமடங்கானால் விரிவு வீதம் நான்கிலொன்றாகச் சுருங்கிவிடும்.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு பிறக்கிறது. பாதசாரியை அடைவதற்கு இன்னும் 5 செக்கன்கள் இருக்கும் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் அந்தக் கணத்தில் 42 மீற்றர் தூரத்தில் நிற்கும். 70 கிலோமீற்றரில் வருவது 97 மீற்றர் தூரத்தில் இருக்கும். முதற் காரின் உருவம் செக்கனுக்கு அரைப் பாகை, அதாவது ஏறத்தாழ ஒரு முழுநிலவின் அகலம் அளவுக்கு, விரிகிறது. இரண்டாவது காரின் உருவமோ செக்கனுக்கு 0.2 பாகையளவே விரிகிறது. வந்து சேர எடுக்கும் நேரம் ஒன்றாகவே இருந்தும், வேகமாக வருவது கண்ணுக்கு மெதுவாகப் பெரிதாகிறது. ஆபத்துக் கூடக்கூட அதற்கான அறிகுறி மங்குகிறது என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கு எவருடைய கவனக்குறைவாலும் வந்ததன்று, வெறும் வடிவியலால் வந்தது. மனிதக் கண் நடையும் ஓட்டமும் பாயும் விலங்கும் உள்ள உலகத்தில் பழகியது. மாட்டுவண்டிக் காலம் வரைக்கும் அந்தப் பழக்கம் போதுமானதாகவும் இருந்தது.

வளர்ந்தவரின் கண்ணே இப்படித் தடுமாறுமானால் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். இலண்டன் பல்கலைக்கழகத்தின் றோயல் ஹொலோவே கல்லூரியில் ஜோன் வான் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் உரு விரிவு உணர்வை அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, 5 செக்கன் தொலைவில் இருக்கும் வாகனம் மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்தால், அது நெருங்கி வருகிறது என்பதையே அப்பிள்ளைகளால் நம்பகமாகக் கண்டறிய முடிவதில்லை. அந்த வயதில் மூளையின் பார்வைப் பகுதி இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே, வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், திரும்பவும் வலப்பக்கம் பார் என்ற பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, சொன்னபடியே பார்த்துவிட்டு, உண்மையிலேயே ஒன்றும் வரவில்லை என்ற நம்பிக்கையோடு காலை வைக்கக்கூடும். பிள்ளை பார்க்கவில்லை என்று விபத்துக்குப் பின் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் ஒரு பகுதியாவது, பார்த்தும் தெரியவில்லை என்று திருத்தப்பட வேண்டியது.

மோட்டார் சைக்கிள் காரைப்போல் மூன்றிலொரு பங்கு அகலமே கொண்டிருப்பதால் அதன் உரு விரிவும் அவ்வளவுக்குக் குறைவு. இரவில் அது ஒற்றை விளக்காகச் சுருங்கிவிடும்போது விரிவதற்கு அகலமே இல்லாமற் போகிறது. கண் கைவிடும் இடத்தில் காது துணைக்கு வரலாம். ஆனால் காற்று வீசும் திசையில் ஒலி நிலத்தை நோக்கியும், எதிர்த்திசையில் மேல்நோக்கியும் வளைவது இயல்பாகையால், சோளகக் காற்று மேற்குச் சாய்வாக ஓங்கி வீசும் நாட்களில் புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வருகிற ரிப்பர் லொறியின் இரைச்சல் வழக்கத்தைவிடப் பிந்தியே காதில் விழும்.

இத்தனைக்கும் நடுவில் பாதசாரி செய்ய வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. 7 மீற்றர் அகலமான வீதியைச் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடக்கும் ஒருவர் ஏறத்தாழ 6 செக்கன்களில் கடப்பார்; முழங்கால் நோவோடு செக்கனுக்கு 0.8 மீற்றர் நடக்கும் மூதாட்டிக்கு அதற்கு 9 செக்கன்கள் வேண்டும். 70 கிலோமீற்றர் வேக வாகனம் 6 செக்கன்களில் 117 மீற்றரையும் 9 செக்கன்களில் 175 மீற்றரையும் விழுங்கிவிடும். மக்கள் இதை நேரமாகக் கணக்கிடுவதில்லை, தூரமாகவே கணக்கிடுகிறார்கள். அந்தப் பாலையடிக்கு அங்கால் வண்டி நின்றால் கடக்கலாம் என்பதைப் போன்ற ஓர் அடையாளத்தை மனம் அனுபவத்தால் வைத்திருக்கிறது. வாகனங்கள் எல்லாம் ஒத்த வேகத்தில் வரும்வரை அந்த அடையாளம் பிழைப்பதில்லை. லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று இரைந்துகொண்டு ஊர்ந்து வர, அதை முந்தி ஒரு வான் பாய்ந்து வரும் வீதியில், அதே பாலைமரம் ஒரு தடவை காப்பாற்றி மறு தடவை கைவிட்டுவிடும்.

சாரதியின் பக்கத்திலும் கண் ஏமாறுகிறது. அதை விளங்கிக்கொள்வது அவருக்கு மன்னிப்புக் கொடுப்பதாகாது. ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும்போது இரு புறத்துப் பொருள்களும் பின்னோக்கி வழிந்தோடுவதுபோல் தெரிவதைக் காட்சி ஓட்டம் என்பர். வேகம் பற்றிய உணர்வில் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிடைக்கிறது. வேலிகளும் மரங்களும் விளிம்பை நெருக்கி நிற்கும் ஒழுங்கையில் 40 கிலோமீற்றர் வேகமே பறப்பதுபோல் இருக்கும். இரு கரையும் வெளியாக்கப்பட்ட நேரான அகல வீதியில் 80 கிலோமீற்றரும் மந்தமாகத் தோன்றும். கண் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நிலத்தின் ஓட்டம் மெதுவாகத் தெரியுமாதலால், மணலோ கிறவலோ ஏற்றி ஓடும் ரிப்பரின் உயர்ந்த ஆசனத்தில் இருப்பவர் தம் வேகத்தை மேலும் குறைத்தே மதிப்பிடுவார். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் தொழிலில் அந்த மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ள அவருக்குத் தூண்டுதலும் குறைவு. இவற்றோடு வேகப் பழக்கம் என்ற ஒன்றும் சேர்கிறது. நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓடிய பின் வேகத்தைக் குறைக்கும் சாரதி, தாம் உண்மையில் இருப்பதைவிட மெதுவாகப் போவதாக உணர்கிறார் என்பது 1960களிலிருந்தே ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஏ-9இல் ஓடிப் பழகிய கால், பரந்தனில் திரும்பிய பிறகும் அதே அழுத்தத்தைத் தேடும்.

இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் குடிமனைப் பகுதியில் 50 கிலோமீற்றரும் அதற்கு வெளியே 70 கிலோமீற்றரும் உச்ச வேகங்கள், ஓட்டோவுக்கு 40. இந்த 50க்கும் 70க்கும் இடையிலுள்ள வேறுபாடு 20 தானே என்று தோன்றும். ஒரு ஒழுங்கை முகப்பில் பிள்ளை ஒன்று திடீரென இறங்குவதை இரண்டு கார்களின் சாரதிகளும் ஒரே கணத்தில், ஒரே தூரத்தில் காண்பதாக வைத்துக்கொள்வோம். கண்டதை மூளை உணர்ந்து கால் பிறேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் ஆகும் என்றும், காய்ந்த தாரில் நல்ல ரயர்கள் கொடுக்கும் பிடிமானத்தோடு வண்டி நிற்கும் என்றும் கொண்டால், 50இல் வந்த கார் மிதிப்பதற்கு முன் 21 மீற்றரும் மிதித்த பின் 14 மீற்றரும் ஓடி, மொத்தம் 35 மீற்றரில், பிள்ளையின் காலடியில் நிற்கும். 70இல் வந்த கார் பிறேக்கைத் தொடுமுன்பே 29 மீற்றர் ஓடிவிடும். எஞ்சிய ஐந்தாறு மீற்றரில் அது பெரிதாகக் குறைய வழியில்லை. முதற் கார் நின்றுவிட்ட அதே புள்ளியில் இரண்டாவது கார் 62 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதும். இடையில் 60இல் வந்த கார் இருந்திருந்தால் அது 43இல் மோதியிருக்கும். தொடக்கத்தில் 20ஆக இருந்த வேறுபாடு முடிவில் 62ஆக வளர்வதற்குக் காரணம், பிறேக்கை மிதிக்குமுன் ஓடிவிடும் தூரம் வேகத்தோடு கூடுவதும், பிறேக்கினால் கரைக்கப்பட வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதுமே. 70இல் ஓடும் காரில் 50இல் ஓடுவதைவிட ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல் இருக்கிறது.

மோதும் வேகத்துக்கும் பாதசாரியின் உயிருக்கும் உள்ள தொடர்பைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2011இல் வெளிவந்த ஒரு கணிப்பில், மணிக்கு 37 கிலோமீற்றரில் மோதுண்டவர்களில் பத்தில் ஒருவரும், 51இல் நால்வரில் ஒருவரும், 68இல் இருவரில் ஒருவரும், 80இல் நால்வரில் மூவரும் இறப்பர் எனக் கண்டார்கள். முதியோருக்கு இந்த ஏற்றம் இன்னும் செங்குத்தானது. மருத்துவமனை அருகிலேயே இருக்கும் நாட்டின் கணக்கு இது என்பதையும், விசுவமடுவிலிருந்து அம்புலன்ஸ் ஓட வேண்டிய தூரத்தையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும்.

இருட்டியபின் இந்தக் கணக்கு முற்றாகவே குலைந்துவிடும். டிம் வெளிச்சத்தில் கருத்த உடுப்போடு நடப்பவர் பெரும்பாலும் 30, 40 மீற்றருக்குள்தான் சாரதியின் கண்ணில் படுவார். 70இல் ஓடும் கார் நிற்கவோ 56 மீற்றர் வேண்டும். அதாவது அந்தக் கார் தன் விளக்கு காட்டும் தூரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது; கண்டபின் நிறுத்துவது என்பது அங்கே சாத்தியமே இல்லை. நடப்பவருக்கோ அரை மைலுக்கு அப்பாலிருந்தே விளக்குத் தெரிந்துவிடுவதால், தனக்குத் தெரிகிறவனுக்குத் தானும் தெரிவேன் என்று எண்ணிக்கொள்கிறார். வீதியில் படுத்து அசைபோடும் கட்டாக்காலி மாடுகள் விபத்துக்குக் காரணமாவதும் இதே இருட்டால்தான். மாட்டுக்கு அந்தத் தவறான நம்பிக்கையாவது இல்லை.

சுவீடனின் உப்சாலாவில் குன்னார் யோகான்சன் 1973இல் காட்டிய ஒரு பரிசோதனை இங்கே உதவும். இருட்டறையில் மனிதரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி நடக்கவிட்டபோது, பார்த்தவர்கள் கண நேரத்தில் மனிதர் நடக்கிறார் என்று கண்டுகொண்டார்கள். அசையாமல் நின்றபோது அதே புள்ளிகள் அவர்களுக்குப் பொருளற்றுத் தெரிந்தன. ஆகவே, ஒளி தெறிக்கும் பட்டியை மார்பில் அணிவதைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டுவது சாரதிக்கு விரைவாக மனிதரைக் காட்டும். நீண்ட இருள்காலம் கொண்ட பின்லாந்தில் இருட்டில் நடப்போர் ஒளிதெறிப்பு வில்லை அணிவது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வாகனங்கள் இடப்பக்கமாக ஓடும் இலங்கையில் வலக்கரையால், அதாவது வருகிற வாகனத்துக்கு முகம் கொடுத்து, நடப்பதும் சிறிய செயல்போல் தோன்றினாலும் பெரிய பயன் தருவது. முதுகுப்பக்கமாக வரும் வண்டிக்கு முன்னால் எந்தக் கண்ணும் உதவாது. முன்னால் வருவது தடுமாறினால் புல்லுக்குள் பாயவாவது ஓர் அரைச்செக்கன் கிடைக்கும்.

ஆனால் நடப்பவர் செய்யக்கூடியது இந்த அளவோடு நின்றுவிடுகிறது. வேகத்தைக் குறைக்கும் ஆற்றல் வீதியின் வடிவத்திடம்தான் பெரிதும் இருக்கிறது என்பதை வளர்முக நாடு ஒன்றின் அனுபவமே காட்டுகிறது. கானாவில் அக்ரா, குமாசி நகரங்களுக்கிடையிலான நெடுஞ்சாலை சுகும் சந்தியில் ஊரைக் கிழித்துக்கொண்டு போகும் இடத்தில், சில்லு ஏறும்போது தடதடவென்று அதிரும் குறுக்குப் பட்டிகளை இட்டபின் விபத்துகள் 35 விழுக்காடும் உயிரிழப்புகள் 55 விழுக்காடும் குறைந்தன. செலவு அதிகமில்லாத வேலை அது. சராசரி வேகம் 1 விழுக்காடு குறைந்தால் உயிர்பறிக்கும் விபத்துகள் ஏறத்தாழ 4 விழுக்காடு குறையும் என்று சுவீடன் அறிஞர் யோரான் நில்சன் வகுத்த விதியோடும் இது ஒத்துப்போகிறது.

வேகத்தடை என்றால் எதுவும் வேகத்தடைதான் என்று நினைப்பது தவறு. ஒரு சாண் அகலத்துக்குக் கொங்கிறீற்றைக் கூராக எழுப்பி விடும் மேட்டை 60 கிலோமீற்றரில் தாண்டும் சில்லு ஒரு செக்கனின் ஐம்பதிலொரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் தாண்டிவிடுவதால், அடியை ரயரும் வில்லும் உள்வாங்கிக்கொள்ள, வண்டியின் உடம்பு அசைவதற்குள் மேடு பின்னால் போய்விடும்; மெதுவாகப் போகிற சைக்கிள்காரரும் கர்ப்பிணியை ஏற்றிவரும் ஓட்டோவுமே முழுக் குலுக்கலையும் வாங்குகிறார்கள். குற்றமற்றவரைத் தண்டிக்கும் மேடு அது. 1927இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஆர்தர் கொம்ப்ரன் தம் பல்கலைக்கழக வளாகத்துக்காக 1953இல் வேகமேடு வடிவமைத்தபோது இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார். பின்னர் 1970களில் பிரித்தானிய வீதி ஆய்வுக்கூடத்தில் உருவான வடிவம் 3.7 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. அதை 60இல் கடக்க ஐந்திலொரு செக்கனும் 25இல் கடக்க அரைச் செக்கனும் ஆவதால், வேகம் கூடக்கூட வண்டியின் உடம்பே தூக்கியெறியப்படுவதுபோல் உணர்கிறது, மெதுவாகப் போகிறவருக்கோ அது ஒரு தாலாட்டு. அதன் உச்சியைத் தட்டையாக்கி மஞ்சட்கடவையை அதன்மேல் வரைந்தால் நடப்பவர் கடக்கும் இடமும் வேகம் தணியும் இடமும் ஒன்றாகிவிடும்.

விசுவமடுவில் இதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை, அடுத்த தர வீதிகள் மாகாணத்துக்கு, ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. ஆகவே ஒழுங்கையிலிருந்து பிள்ளை வந்து ஏறும் முகப்பில் இரண்டு நிர்வாகங்களின் எல்லைகள் சந்திக்கின்றன. நெடுஞ்சாலைப் பொறியியலார் மேடு போடத் தயங்குவதற்கும் நியாயம் உண்டு, ஏனெனில் 70இல் வருகிறவருக்கு முன்னால் எச்சரிக்கையின்றி எழும்பும் மேடே விபத்தாகும். முதலில் அதிர்பட்டிகள், பிறகு ஊர் தொடங்குகிறது என்று சொல்லும் ஒரு வாயில், இரு கரையும் நெருங்கிவரும் நடைபாதை, நடுவில் மூதாட்டி ஒரு பாதியைக் கடந்து மூச்சுவிட ஒரு திட்டு, அதன் பிறகே மேடு என்று படிப்படியாக வேகத்தை இறக்குவதுதான் முறை. நெதர்லாந்தின் பிறிஸ்லாந்து மாகாணத்தில் ஹான்ஸ் மொண்டர்மான் என்ற பொறியியலாளர் 1980களில் ஔடெஹாஸ்கே என்ற சிற்றூரின் நெடுஞ்சாலைத் தோற்றத்தைக் கலைத்து அதை மறுபடியும் ஊர்த்தெருவாகத் தெரியவைத்தபோது, பலகைகளால் முடியாத அளவுக்கு வாகனங்கள் தாமாகவே தணிந்தன. வீதி அதிகாரிகளுக்கு அது வியப்பாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது வன்னி வீதிகளைப் பார்க்கிறவருக்கு அவ்வளவு வியப்பிராது.

காலபோக அறுவடை முடிந்து மாசியில் நெல் வீட்டுக்கு வரும்போது, முற்றத்தைவிடச் சூடான காப்பட் பரப்பில், வீதியின் ஒரு பாதியை அடைத்து நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல்லும் தடியும் வைத்துக் காவல் இருப்பார்கள். அது சட்டத்துக்கு ஒவ்வாதது. சில்லு நெல்மணியில் வழுக்கி மோட்டார் சைக்கிள்கள் சாய்வதும் உண்டு. ஆயினும் அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு, 50 என்று எழுதிய பலகைக்கு அசையாத வாகனங்கள், விளக்குமாறு பிடித்து நெல் கிண்டும் பெண்ணுக்கு முன்னால், பாதியாய்க் குறுகிவிட்ட வீதியில், எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகின்றன. பின்னேரம் நெல்லை வாரி மூடை கட்டிக் கல்லையும் தடியையும் எடுத்ததும் வீதி பழையபடி அகலமாகிவிடும். இருட்டுவதற்குள் வேகமும் பழைய அளவுக்கு ஏறிவிடும்.